உடன் பயில்வோர் தந்த கால்பங்கு

ஆசிரியர் கற்பிப்பதை எத்துணைக் கருத்தூன்றிக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கால்பங்கு அறிவே கைகூடும்; உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது நன்னூல் தந்த பவணந்தி முனிவர் கருத்து. பல்லாண்டுகளாக இதனை வகுப்பில் நடத்திவந்த யான், இதன் பொருளை உண்மையில் உணர்ந்தது ஒரு குறும்படத்தால்தான்.

எம் மாணவர் சிலர் போடிமெட்டைக் களமாகக் கொண்டு திகில் படம் ஒன்று எடுக்கத் திட்டமிட்டனர். ஏலத்தோட்டப் பெண்களை ஏற்றிய ஜீப் நள்ளிரவில், மூடுபனியினூடே மலையிறங்குகிறது. கொண்டையூசி வளைவொன்றில் ஒரு பெண் காணாமற் போகிறாள். ஓட்டுநரே கொலையாளி என்பது இறுதிக் காட்சியில் வெளிப்படும். கதைச்சுருக்கத்தைப் படித்து, 'நன்று' என எழுதிக் கையொப்பமும் இட்டேன். ஆயினும், வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டுமாறு பணித்தேன்.

படித்து முடித்ததும் போடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, எங்கம்மாவும் அந்த ஜீப்பில்தான் காயெடுக்கப் போறாங்க. விடியுமுன்னே போய்ப் பொழுது சாயத் திரும்பிடுவாங்க. ஒரு மணி நேரம் பிந்தினாலே தெருவே வாசலில் நிற்கும். அந்தப் பயம் இந்தக் கதையில் இல்லையே?" என்றாள். ஓட்டுநர் ஏன் கொன்றார் என்பதற்கு விடையே இல்லை என்றான் இன்னொருவன். கதை எழுதிய மாணவன் முகம் வாடிற்று. மறுமொழி கூற முனைந்தவனைக் கையமர்த்தி, "முதலில் குறித்துக்கொள், தம்பி" என்றேன்.

திரைப்பட மேதை ஹிட்ச்காக், 1962இல் பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில், மேசைக்கடியில் உள்ள வெடிகுண்டை உவமை காட்டினார். திடீரென வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்ப்போர் முன்னரே அறிந்தால் பல நிமிடத் தவிப்பு. மாணவியின் கேள்வியும் அதே இடத்திற்குத்தான் எம்மை அழைத்துச் சென்றது.

திட்டம் மாறிற்று. கொலையாளி மறைந்தான். ஜீப்பின் அடியில் பிரேக் எண்ணெய் சொட்டுவதை முதற்காட்சியிலேயே பார்ப்போர் காண்பர். உலை வைத்துக் காத்திருக்கும் மகள் அறியாள். அவ்வளவே கதை. அச்சமோ பன்மடங்காயிற்று.

மூணாறு செல்கையில் அவ்வழியே பலமுறை பயணித்தவன் யான். பனியின் அழகையே கண்டேன். அப்பனிக்குள்ளிருந்து தாய் மீள வேண்டுமே என ஏங்குவாரைக் கண்டேனில்லை. 'நன்று' என்ற என் குறிப்பை நானே அடித்தேன்.

மாணவச் செல்வங்களே! குறை கூறும் தோழரைப் பகையாகக் கருதாதீர். ஆசிரியரிடம் கிடைக்காத கால்பங்கு அவரிடம் இருக்கிறது. எழுந்து நின்று எடுத்துரைத்த அம்மாணவியோ, அன்று அரைப்பங்கையும் ஈட்டிக்கொண்டாள்.