நாகர்கோவில் டு திருவனந்தபுரம்... மஞ்சள் போர்டு காரில் ஓர் அதிகாலைப் பயணம்!

எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விமானம் ஏற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம்தான். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். தூத்துக்குடியும் மதுரையும் அதைவிடத் தூரம். ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. நாங்கள் பிடிக்கும் வாடகை கார் களியக்காவிளையைத் தாண்டியே ஆக வேண்டும்.

போன மாதம் துபாயிலிருந்து வந்த சித்தப்பாவை அழைத்துவர நானும் அம்மாவும் கிளம்பினோம். தெரிந்தவர் ஒருவரின் சொந்த காரைத்தான் அம்மா வாடகைக்குப் பேசியிருந்தார். வெள்ளை நம்பர் போர்டு, வாடகையும் குறைவு. அதிகாலை 3 மணிக்கு அவர் போனையே எடுக்கவில்லை. அவசரத்துக்கு டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து வந்தது மஞ்சள் போர்டு கார்.

பார்வதிபுரம் பாலம் ஏறி, வில்லுக்குறி தாண்டி, தக்கலையில் டீக்கு நிறுத்தினார் டிரைவர் அண்ணாச்சி. பக்கத்தில்தான் பத்மநாபபுரம் அரண்மனை. 1956 நவம்பர் 1-ம் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அரண்மனையை மட்டும் இன்றும் கேரள அரசுதான் பராமரிக்கிறது.

"அரண்மனைக்கு எல்லை பிரச்னை இல்ல மக்கா. வண்டிக்குத்தான் எல்லாம்" என்று சிரித்தவர், தன் கணக்கைச் சொல்லத் தொடங்கினார்.

சொந்த காரை ஒருமுறை பதிவு செய்தால் 15 வருஷத்துக்குக் கவலை இல்லை. டாக்ஸி அப்படியல்ல. முதல் 8 வருஷம் 2 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதன்பிறகு வருஷா வருஷம். பர்மிட், வரி, கூடுதல் பிரீமியத்தில் இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. கேரளாவுக்குள் போக அகில இந்திய சுற்றுலா பர்மிட் வேண்டும். அது இல்லாத வண்டி, ஒவ்வொரு முறையும் தற்காலிக பர்மிட் எடுத்து அந்த மாநில வரியைக் கட்ட வேண்டும்.

"பேட்ஜ் இல்லாமலும் ஓட்டலாம்னு கோர்ட்டு சொல்லிட்டுதாமே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அது உண்மைதான். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்ட, சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் 5 நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது.

"அது ஓட்டுறவனுக்குள்ள சலுகை. நம்ம பயலுவளுக்கு நல்லதுதான். ஆனா வண்டிக்கு பர்மிட் வேண்டாம்னு யாரும் சொல்லல. சிலபேரு ரெண்டையும் ஒண்ணா நெனச்சுக்கிட்டு சொந்த காரை வாடகைக்கு விடுதாங்க. கல்யாண சீசன்ல எனக்கு வர வேண்டிய சவாரி அங்க போகுது" என்றார்.

பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. வண்டியையும் பிடித்து வைக்கலாம்.

மார்த்தாண்டம் மேம்பாலம், குழித்துறை ஆறு என்று கடந்து களியக்காவிளை வந்தது. சில நிமிடங்களில் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறின. அண்ணாச்சி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. "பேப்பர் சரியா இருந்தா பாறசாலை போலீஸைப் பாத்தாலும் பயம் இல்ல" என்றார். பின்சீட்டில் அம்மா மௌனமாக இருந்தார்.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் அம்மாவே கேட்டார். "வெள்ளை போர்டு வண்டியில போய் ஏதாவது ஆச்சுன்னா?"

"சொந்த உபயோகத்துக்குன்னு எடுத்த இன்ஷூரன்ஸ்மா. வாடகைக்கு ஓட்டினது தெரிஞ்சா கம்பெனிக்காரன் பணம் தர மாட்டேன்னு நிப்பான். அப்புறம் கோர்ட்டுக்கு அலையணும்."

ஏர்போர்ட் வாசலில் சித்தப்பா பெட்டிகளோடு நின்றிருந்தார். திரும்பும் வழியில் வாடகையைக் கேட்டவர், "இவ்வளவா? தெரிஞ்ச வண்டி ஒண்ணும் கிடைக்கலையா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா பதில் சொன்னார். "இனிமே இந்த அண்ணாச்சிதான் நமக்குத் தெரிஞ்ச வண்டி."

நீங்களும் அடுத்தமுறை குமரியிலிருந்து கேரளாவுக்கு கார் பேசினால், வாடகைக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். மஞ்சள் போர்டா? கேரளாவுக்கு பர்மிட் இருக்கிறதா? எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்கின்றனவா? சரியாக ஓட்டுகிற டிரைவர் இதற்குக் கோபப்பட மாட்டார். எங்கள் அண்ணாச்சி, கேட்காமலேயே டேஷ்போர்டைத் திறந்து காட்டினார்!