நிழலில் வளரும் புல்லின் வேர்



விதைக்கிறவனைப் பற்றிய உவமையை ஓய்வுநாள் பள்ளிக் காலத்திலிருந்தே கேட்டு வருகிறோம். கற்பாறை நிலத்தில் விழுந்த விதைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் பதில் சொல்லிவிடும். ஆனால் மூன்று சுவிசேஷங்களையும் அருகருகே வைத்து வாசித்தால் ஒரு சிறு வேறுபாடு கண்ணில் படும். அந்தப் பயிர் காய்ந்ததற்கு மத்தேயுவும் மாற்குவும் வேரின்மையைக் காரணமாகச் சொல்கிறார்கள். லூக்கா உவமையைக் கூறுமிடத்தில் ஈரமின்மையைச் சொல்கிறார். விளக்கத்துக்கு வரும்போது அவரும் வேருக்கே வந்துவிடுகிறார். கலிலேயாவின் மலைச்சரிவுகளில் சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய மண் படிந்திருக்கும். வேர் கீழே போக வழியில்லை, ஈரம் தங்கவும் வழியில்லை. ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று நாம் கடந்துவிடலாம். எனினும் வைத்தியம் பார்ப்பவனுக்கு எது முதற்காரணம் என்பது முக்கியம். ஈரம்தான் குறை என்று எண்ணுகிறவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். வேர்தான் குறை என்று ஐயுறுகிறவன் முதலில் தோண்டிப் பார்ப்பான்.

இதை இன்று எழுதக் காரணம் நாகர்கோவிலில் ஒரு வீட்டின் பின்புறத்தில் உள்ள புல்தரை. அந்த வீட்டுத் தாயாரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வீட்டின் பின்னால் ஒரு பலா, ஒரு மா, இரண்டுக்கும் இடையே அவர் ஆசையாய்ப் போட்ட அருகம்புல் தரை. அவர் இருந்தவரை ஒருவாறு பசுமையாக இருந்தது. இப்போது இடையிடையே சொட்டையாகி, நடந்தால் காலோடு பெயர்ந்து வந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன், அதையெல்லாம் எடுத்துவிட்டு பேவர் பிளாக் பதித்துவிடலாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆகஸ்டு மாதத்தில் வீட்டு ஜெபத்துக்காக நான் சென்றபோது அந்தத் தாயார் என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார்கள்.

“ஐயா, ஒரு நாள் விடாம சாயங்காலம் தண்ணி விடுறேன். உரமும் போட்டுப் பாத்துட்டேன். அவங்க வச்சதை என்னால காப்பாத்த முடியல” என்று சொல்லி நிறுத்தினார்கள். பிறகு தணிந்த குரலில், “என் ஜெபமும் இப்படித்தான் இருக்கு” என்றார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. என் தகப்பனார் ஒரு கல்லூரி வளாகத்தில் தோட்ட வேலை செய்தவர். வேதாகமத்துக்கு முன்பே மண்வெட்டி என் கைக்கு வந்தது. புல்லைக் கேட்டால் புல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் கற்றுத்தந்த ஒழுங்கு.

புல்தரை பாய் போலச் சுருண்டு பெயர்ந்தால் இரண்டு சந்தேகங்கள் எழ வேண்டும். ஒன்று, மண்ணுக்குள் வேர்ப்புழு இருந்து வேரைத் தின்றிருக்கலாம். மற்றொன்று, வேர் ஆழமாக இறங்காமலே இருந்திருக்கலாம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு சதுர அடி அளவுக்கு மண்ணைப் புரட்டினோம். உடலை வளைத்துச் சுருண்டு கிடக்கும் பழுப்புத் தலை வெண்புழு ஒன்றும் இல்லை. கோழியோ மைனாவோ கிளறிய அடையாளமும் இல்லை. வேரின் நுனிகள் கடிபடவில்லை. வெண்மையாக, உயிரோடு இருந்தன. ஆனால் ஓர் அங்குலத்துக்குமேல் இறங்கவில்லை. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் பலாவின் மெல்லிய வேர்கள், சல்லடை பின்னியதுபோல. மரத்தின் வேர் ஆழத்தில் மட்டுமே இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருக்கும்.

அடுத்து ஒரு நீண்ட திருப்புளியை மண்ணில் குத்திப் பார்த்தேன். இரண்டு விரற்கடைக்குமேல் இறங்க மறுத்தது. மேல்மண் மட்டும் நனைந்து, அடிமண் இறுகியிருந்தது. நாள்தோறும் பத்து நிமிடம் குழாயால் தெளிக்கும் தண்ணீர் அந்த மேல் அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேரும் இருக்கும். தினமும் வாசலுக்கே உணவு வந்துவிட்டால் எந்த வேர் கீழே தேடிப் போகும்?

மூன்றாவதுதான் முதன்மையானது. மறுநாள் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, மணிக்கொருமுறை வெளியே வந்து எங்கெங்கே நேர்வெயில் விழுகிறது என்று குறித்துவைக்கச் சொன்னேன். தாயார் ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் கட்டம் போட்டு அழகாகக் குறித்திருந்தார்கள். பலாவின் அடியில் ஒரு மணி நேரமும் இல்லை. நடுவில் இரண்டு மணி நேரம். மதிலோரத்தில் ஐந்துக்குமேல். அருகம்புல்லுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயில் வேண்டும். வெயிலைக் கொண்டுதான் இலை உணவு செய்கிறது; அந்த உணவில் மிஞ்சியதுதான் வேருக்குப் போகிறது. வெளிச்சம் குறைந்தால் புல் கைப்பொருளையெல்லாம் இலையை நீட்டுவதற்கே செலவிடும். மேலே நீண்டு மெலியும், கீழே ஒன்றும் சேராது. யூரியா தூவினால் இன்னும் வேகமாக இலை விடும், சில நாள் பச்சையாகத் தோன்றும், வேர் மேலும் ஏழையாகும். அதை வேலையாள் அரை அங்குலத்துக்கு ஒட்ட வெட்டிவிட்டால் மீதியிருந்த அடுப்பும் அணைந்துபோகும். அந்த வீட்டில் இவை யாவும் நடந்திருந்தன. எல்லாம் அக்கறையினால் நடந்தவை என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்பானவர்களே, மரம் கெட்டதல்ல. நாற்பது ஆண்டுகள் அந்த வீட்டுக்குப் பழமும் குளிர்ச்சியும் தந்த மரம் அது. இங்கேதான் தாயாரின் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வந்தேன். அவர்கள் வீட்டில் குடும்ப ஜெபம் என்றால் ஆசிரியர் ஐயாதான் ஜெபிப்பார். வேதம் வாசிப்பவரும் அவரே, பாடலைத் தொடங்குபவரும் அவரே. தாயார் “ஆமென்” சொல்வார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு அருகில் அப்படியே போயிற்று. இப்போது தனியே முழங்கால்படியிட்டால் இரண்டு வாக்கியத்துக்குமேல் வருவதில்லை. தன் விசுவாசமே பொய்யோ என்று அவர்கள் இரவில் அழுதிருக்கிறார்கள். நம் சபைகளில் இப்படி எத்தனை பேர்! கணவரின் ஜெபத்தின் கீழ், தாயின் உபவாசத்தின் கீழ், சில நேரம் போதகரின் பிரசங்கத்தின் கீழ். என் பிரசங்கமும் யாருக்கோ வெயிலை மறைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளாமல் நான் இதை எழுத முடியாது. பெரிய மரத்தடியில் நிற்பவர்களைக் குறைசொல்லுவது எளிது. “இத்தனை வருஷம் சபைக்கு வந்தும் உங்களுக்கு வேரில்லையே” என்று துக்க வீட்டில் வைத்தே சொன்னவர்களை நான் அறிவேன். அது வைத்தியமல்ல, கொடுமை.

நான் அவர்களிடம் காட்டியது, உள்ளங்கையில் இருந்த அந்த ஒரு பிடி புல்லைத்தான். “அம்மா, வேர் குட்டையா இருக்கு. ஆனா வெள்ளையா இருக்கு பாருங்க. செத்த வேர் பழுப்பா, தொட்டா உதிரும்.” வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார்கள்.

பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன், உங்களில் பலருக்கும் பின்புறத் தோட்டம் உண்டு. தினத் தண்ணீரை ஒரே நாளில் நிறுத்தவில்லை. குட்டை வேரோடு நிற்கும் புல்லுக்குத் திடீரென்று தண்ணீரை நிறுத்தினால் அது ஆழத்தைக் கற்றுக்கொள்ளாது, காய்ந்துபோகும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அடுத்து மூன்று நாளைக்கொருமுறை. ஆனால் விடும்போது திருப்புளி ஒரு சாண் இறங்கும்வரை. அதுவும் காலையில், ஏனெனில் நிழலில் மாலைத் தண்ணீர் இரவெல்லாம் இலையில் தங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். இறுகிய இடங்களில் கம்பியால் நான்கு விரல் ஆழத்துக்குத் துளையிட்டு மணலும் மட்கிய எருவும் தள்ளினோம். பலாவின் பெரிய வேர்கள்மேல் கை வைக்கவில்லை. தாழ்ந்த கிளைகள் சிலவற்றை மட்டும் அறுத்தோம். தாயார் அன்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள்; அவர் நட்ட மரம் அல்லவா. புல்லை மூன்று அங்குலம் வளரவிட்டு, ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்டாதபடி வேலையாளிடம் சொன்னோம். யூரியா நிறுத்தப்பட்டது.

நடுப்பகுதியில் அருகம்புல்லை விட்டுவிட்டு, நர்சரியில் பஃபலோ புல் என்று விற்கும் அகன்ற இலைப் புல்லை நட்டோம். அது நிழலை ஓரளவு தாங்கும். பலாவின் அடியில் எந்தப் புல்லும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே சருகைப் பரப்பிவைத்தால் போதும். வெயிலே விழாத இடத்தில் புல்லை நட்டு நட்டுச் சாகடிப்பதில் விசுவாசம் ஒன்றும் இல்லை. பேவர் பிளாக் பேச்சைப் பற்றி மகனிடம் தாயாரே பேசிக்கொண்டார்கள்.

அவர்களுடைய ஜெபத்தைக் குறித்து நான் கொடுத்த ஆலோசனையும் சிறியதுதான். அதிகாலையில், யாரும் அருகில் இல்லாத வேளையில், ஐயாவின் வார்த்தைகளை நினைவுகூர முயலாமல், தங்கள் சொந்தப் பேச்சில் ஒரே ஒரு காரியத்தை ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். பெண்கள் ஐக்கியத்தின் சகோதரிகள் நாள்தோறும் வந்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் உடனே நிறுத்த வேண்டாம், வாரத்தில் மூன்று நாளாக்குங்கள், வந்தால் கூட நேரம் இருங்கள் என்றேன்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் மறுபடி தோண்டிப் பார்த்தோம். மதிலோரத்தில் வேர் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. நடுவில் இரண்டுதான். மழை நிற்கும்வரை குழாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் வெயில் ஏறத் தொடங்கும்போது மீண்டும் ஒருமுறை திருப்புளியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.