மதில் போன இடம்

ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வரும் வழியில் ஒரு கருங்கல் பாறைகூடக் கண்ணில் படவில்லை. படவும் வழியில்லை. அரியலூர்ப் பூமிக்கடியில் கிடப்பது பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி. கருங்கல் வேண்டுமென்றால் மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் போக வேண்டும். இப்படிப்பட்ட சீமைக்கு அத்தனை கல்லையும் இழுத்துவந்து 53 மீட்டர் கோயில் விமானம் எழுப்பியிருக்கிறார்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் எல்லோரும் கோயிலைக் கட்டிய ராசேந்திர சோழனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் கல்தச்சர்களின் கைவேலையைப் பார்க்கப் போயிருந்தேன். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் விறைப்பாக நேரே ஏறும். இது உள்வாங்கி வளைந்து போகிறது. வளைவு வேண்டுமென்றால் வரிக்கு வரி கல்லின் அளவு மாற வேண்டும். கணக்கு பிசகினால் விமானமே கோணிவிடும்.

வடக்கு வாசல் படியருகே வெகுநேரம் நின்றுவிட்டேன். கும்பிட்டபடி தலை குனிந்திருக்கிறார் சிவனடியார் சண்டேசர். அந்தத் தலையில் சிவன் மாலை சுற்றுகிறார். விரல் வளைவில் உளி ஒரு நூல் கூடுதலாக இறங்கியிருந்தால் விரலே தெறித்திருக்கும். கருங்கல்லில் ஒட்டுப்போட முடியாது.

வெளியே வந்தால் கோயில் மதிலின் பெரும்பகுதியைக் காணோம். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கல் தேவைப்பட்டபோது பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். தடுத்த ஊர்க்காரர்களுக்குத் தண்டனைதான் மிச்சம். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்று அந்த நூற்றாண்டுப் பதிவு ஒன்று வருந்துகிறது.

பக்கத்தில்தானே என்று அந்தக் கீழணை இருக்கும் அணைக்கரைக்கும் போனேன். எது கோயில் கல், எது புதுக்கல் என்று பிரித்தறிய முடியவில்லை. அணையால் வயல் விளைந்தது. வீராணத்துக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. மறுக்கவில்லை. ஆனாலும் பாறையில் வெட்ட வேண்டியதைக் கோயிலில் பெயர்த்தது பொறியாளர்களின் சோம்பேறித்தனம் என்பேன்.

பழைய கல்லைப் பேணும் வழியும் உண்டு. ஜெர்மனியில் கொலோன் பேராலயம் 1248-ல் தொடங்கி 1880-ல்தான் முடிந்தது. முடிந்த பிறகும் கல்தச்சர்களின் தேவை தீரவில்லை. பேராலயத்தின் சொந்தப் பட்டறையில் இன்றும் அவர்கள் சம்பளத்துக்கு இருந்து, சிதைந்த கல்லை அதே முறையில் செதுக்கி மாற்றுகிறார்கள். இத்தகைய பட்டறைகளை 2020-ல் யுனெஸ்கோ நல்ல முன்மாதிரி என்று பட்டியலில் சேர்த்தது.

நம் கோயிலும் 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்தான். மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி 1957-லிருந்து நடக்கிறது. அங்கே படித்து வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கோயில் பக்கத்திலேயே நிரந்தரப் பட்டறை ஒன்றை, மாதச் சம்பளத்தோடு, தொல்லியல் துறை அமைத்துக் கொடுக்க வேண்டும்.