யாஸ் தீவு நாட்கள்

டிசம்பர் 21, 2024, சனி. அபுதாபி

கல்முனையில் மாரி ஓயவில்லை. இங்கே வானத்தில் மேகத் துண்டு கூட இல்லை. நேற்று இரவு மழையோடு மழையாகக் கொழும்பு பஸ் ஏறி, விடியக் கட்டுநாயக்கா வந்து, பின்னேரம் தம்பியின் முகத்தைப் பார்த்தோம். மகளும் மகனும் மாமாவின் கழுத்தை விடவில்லை.

தம்பி முஸஃபாவில் மின் வேலை செய்கிறான். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அந்தக் கல்லும் சீமெந்தும் பெரும்பாலும் இந்தப் பாலைவனத்தில் உழைத்த காசு. எங்கள் தங்கச்சியின் வீடும் அப்படித்தான் எழும்பியது. அவளைக் கரைசேர்த்த பிறகு அவன் ஆசைப்பட்டது இதற்குத்தான்: மருமக்கள் வந்து இந்த ஊரைப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் யாஸ் தீவின் சிவப்புக் கூரையை வருசக்கணக்காகக் கண்டிருக்கிறான், உள்ளே போனதில்லை. “நீங்க வந்தாத்தான் நானும் உள்ள போய்ப் பாப்பன், ராத்தா” என்றான்.

டிசம்பர் 22, ஞாயிறு. பெராரி வேர்ல்ட்

தம்பி கண்ட சிவப்புக் கூரைக்குக் கீழே, 2010 நவம்பரில் திறந்த பூங்கா. ஒரு நாள் டிக்கட் 300 திர்ஹத்துக்கு மேல். எங்கள் காசில் ஏறக்குறைய 25,000 ரூபாய். தம்பி பணம் கட்டும்போது நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் போன நாளில் ‘ஃபோர்முலா ரோஸா’தான் உலகின் மிக வேகமான ரோலர் கோஸ்டராக இருந்தது. ஐந்து வினாடிக்குள் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. காற்றில் வரும் மணல் கண்ணில் அடிக்காதிருக்க ஏறுகிற எல்லோருக்கும் கண்ணாடி கொடுக்கிறார்கள். தம்பியும் மகளும் போய் வந்தார்கள். மகளுக்குப் பேச்சு வரச் சிறிது நேரம் பிடித்தது. தம்பி சிரித்தபடியே இருந்தான். சின்ன வயதில் பெருநாள் ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடியவனின் அதே சிரிப்பு.

என் மனதில் நின்றது அந்த வேகமல்ல, வாசலில் நட்டிருந்த அளவுகோல். உயரம் 140 சென்ரிமீற்றர் இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு தகப்பன், தன் பிள்ளைக்கு இரண்டு விரற்கடைதானே குறைகிறது என்று மன்றாடினார். அங்கே வேலைக்கு நின்ற பிலிப்பைன்ஸ் பெண் மறுத்துப் பேசவில்லை. முழங்காலில் அமர்ந்து சிறுவனின் கண்ணைப் பார்த்து, வேறு எந்தெந்த வண்டிகளில் அவன் ஏறலாம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். என் மகனுக்கும் அதே கவனிப்புக் கிடைத்தது. பணம் கட்டியவர் யாராக இருந்தாலும் பிள்ளையின் உயிர் விடயத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை. ளுஹருக்கு உள்ளேயே தொழுகை அறை. வுளுச் செய்யச் சுத்தமான இடம். உம்மாமார் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தனி அறையும் இருக்கிறது. குடும்பம் நாள் முழுக்க இருக்க வேண்டுமென்றால் முதலில் வேண்டியவை இவைதான்.

டிசம்பர் 23, திங்கள். குளோபல் வில்லேஜ், டுபாய்

1997 முதல் நடந்துவரும் பெருஞ்சந்தை இது. குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும். நுழைவுச் சீட்டு 25 திர்ஹம்தான் என்பதால் வேலைக்கு வந்த மக்கள் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். மலையாளமும் வங்காளமும் பஷ்தூவும் தமிழும் ஒரே வரிசையில் கேட்டன. நாட்டுக்கு நாடு தனித்தனி மண்டபம். இந்தப் பருவத்தில் இலங்கைக்கும் பங்களாதேசுக்கும் சேர்த்துப் புதிதாக ஒரு மண்டபம் அமைத்திருக்கிறார்கள். தேயிலைப் பொட்டலத்தைக் கண்டதும் மகன் ஊருக்கு வந்துவிட்டவன் போல ஓடினான்.

இந்த இரைச்சலும் வெளிச்சமும் எனக்குப் புதிதல்ல. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பேரில் ஏறும் கொடிக்கு இருநூறு வருடங்களுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் பன்னிரண்டு நாட்கள். கொடியேற்றத்தைப் பற்றி எங்கள் உலமாக்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. ஆனால் அந்த நாட்களில் கடற்கரை மணலில் வளையல் கடையும் விளையாட்டுச் சாமான் கடையும் இனிப்புக் கடையும் ராட்டினமும் கண்ட பிள்ளைகளுக்குக் கருத்து ஒன்றுதான். டிக்கட் வாங்கிப் போகும் பூங்கா எதுவும் அறியாத காலத்திலேயே இந்தக் கரை தன் பிள்ளைகளுக்குக் களிப்புக்கென்று நாட்களை ஒதுக்கி வைத்திருந்தது.

அந்த மரபு எங்களுக்கு மிகப் பெரிய சொத்து. இங்கே பார்த்ததில் எங்களுக்கு இல்லாதது அந்த அளவுகோல். சந்தை ராட்டினங்களில் வயரை மணலில் இழுத்து விடுகிறோம். வேலி இல்லாமல் பிள்ளைகளை வரிசையில் விடுகிறோம். பெரிய செலவு கேட்காத இந்தக் கவனத்தை அடுத்த கொடிக்கே கொண்டுவரலாம் என்று என் கணவரிடம் சொன்னேன். “ஊர்ல சொல்லுங்க, கேப்பாங்க” என்றார்.

டிசம்பர் 24, செவ்வாய். சீவேர்ல்ட், அபுதாபி

2023 மே மாதம் திறந்தது. அமெரிக்காவில் இதே பெயரில் உள்ள பூங்காக்களில் காட்டும் கொலைத் திமிங்கிலம் இங்கே இல்லை. அதை விட்டுவிட்டுத்தான் இதைக் கட்டினார்களாம். ஆனாலும் டொல்பின்கள் இருக்கின்றன. அவை துள்ளும்போது பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. வாழைச்சேனை வரை போய் வரும் எங்கள் மீனவர் படகோடு கூடவே துள்ளி வரும் டொல்பின்களைப் பற்றி வாப்பா சொன்ன கதைகளில் அவற்றுக்குச் சுவர் இருந்ததில்லை.

நடுவிலுள்ள பெருந்தொட்டியில் இரண்டரைக் கோடி லீற்றர் நீர். சுறாவும் திருக்கையும் தலைக்கு மேலே நீந்துகின்றன. பக்கத்தில் காயப்பட்ட கடலுயிர்களை மீட்டுப் பராமரிக்கும் நிலையமும் இயங்குகிறது. கடற்பசுக்கள் அவுஸ்திரேலியாவுக்கு அடுத்தபடியாக இந்த வளைகுடாவில்தான் அதிகம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். மன்னார்க் கடலிலும் அவை உண்டு, சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது, ஆனாலும் வலையில் சிக்கிச் சாகின்றன என்றதும் மகள் கேட்டாள்: “உம்மா, கடல் எங்கட வீட்டுக்குப் பக்கத்துலதானே. நாங்க ஏன் அதுக்குள்ள இறங்குறதே இல்ல?”

நான் வேறு பேச்சுப் பேசினேன்.

டிசம்பர் 25, புதன். யாஸ் வாட்டர்வேர்ல்ட்

2013 இல் திறந்த இந்த நீர்ப்பூங்காவை முத்துக்குளிப்புக் கதை ஒன்றைச் சுற்றி அமைத்திருக்கிறார்கள். தொலைந்த முத்தைத் தேடிப் போகும் தானா என்ற எமிராத்திச் சிறுமியின் கதை. எண்ணெய்க்கு முன் இந்தக் கரை முத்தில்தான் பிழைத்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் அந்தத் தொழில் விழுந்தது.

அந்தக் காலத்தில் பயணம் மறுதிசையிலும் நடந்திருக்கிறது. மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு அறிவித்தால் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாளர்கள் பாய்க்கப்பலில் வந்து இறங்குவார்கள். தமிழரும் சோனகரும் அவர்களும் ஒரே பாரில் மூழ்கினார்கள். 1906 ஆம் ஆண்டுக் குளிப்பில் இளம் அரசாங்க அதிகாரியாகக் கடமை பார்த்த லெனார்ட் வுல்ஃப் தன் நினைவுகளில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்று அவர்கள் எங்கள் கடலுக்கு வந்தார்கள். இன்று நாங்கள் அவர்கள் மணலுக்கு வருகிறோம். தம்பிக்கு இதைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான்.

‘அம்வாஜ்’ அலைத் தடாகத்துக்கு அருகில் போனதும் என் கால் நின்றுவிட்டது. இப்படியான தடாகங்களில் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் காற்றறைகள் இருக்கும். காற்றை உள்ளே அடித்து நீரைத் தள்ளும்போது அலை எழும்புகிறது. அலை தொடங்க முன் ஒலி எழுப்புகிறார்கள். அந்த ஒலி கேட்டதும் பிள்ளைகள் சந்தோசத்தில் கத்துகிறார்கள்.

2004 இல் சுனாமி வந்த அன்றைக்கு எங்களுக்கு எந்த ஒலியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். பிரதான வீதிக்கு அப்பால் ரியூஷன் வகுப்பில் இருந்ததால் தப்பினேன். கடற்கரைத் தெருவில் இருந்த உம்மம்மாவும் மாமியின் இரண்டு பிள்ளைகளும் தப்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கடலில் கால் நனைத்தது கிடையாது. பிள்ளைகளையும் விட்டதில்லை. எங்கள் தெருவில் பல வீடுகள் இப்படித்தான்.

மகள் உடல் முழுக்க மூடும் நீச்சல் உடை போட்டு, உயிர்காப்புச் சட்டையின் கொக்கியை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். தடாகத்தைச் சுற்றிக் காவலர்கள் நின்றார்கள். ஒருவர் கூடப் போனைப் பார்க்கவில்லை; தலை இடமும் வலமும் திரும்பியபடியே இருந்தது. நீர்ப்பூங்காக் காவலருக்குப் பழக்கும் விதி ஒன்று உண்டு: தன் பொறுப்பிலுள்ள நீர்ப்பரப்பைப் பத்து வினாடிக்குள் கண்ணால் துழாவ வேண்டும், ஆபத்து தெரிந்தால் இருபது வினாடிக்குள் ஆளை எட்ட வேண்டும். பிஸ்மி சொல்லி மகளின் கையைப் பிடித்தேன். இருவரும் இறங்கினோம். அலை வந்து தூக்கியது, இறக்கியது, அவள் சிரித்தாள். அடுத்த அலைக்கு என் கையை விட்டுவிட்டாள்.

டிசம்பர் 26, வியாழன். அபுதாபி

இன்றோடு இருபது வருடம். சுபஹுக்குப் பிறகு உம்மா போன் எடுத்தார். பள்ளியில் யாஸீன் ஓதி துஆ கேட்டார்களாம். இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

அந்த அலைக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று விதித்தார்கள். பிறகு அது தளர்ந்தது. ஆனாலும் குடியிருப்பு நெருக்கியடித்த கரையோரத்தில் வெறும் மணல் இடங்கள் பல மிஞ்சின. பிள்ளைகள் பின்னேரங்களில் பந்தடிப்பது அங்கேதான். நிழல் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, பெண்பிள்ளை ஒதுங்க மலசலகூடம் கிடையாது, கடலைப் பார்த்து நிற்கக் காவலர் கிடையாது.

நேற்றிலிருந்து இன்னொரு திகதியும் மனதை அறுக்கிறது. போன மாதம், இதே 26 ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துப் போனது. விடுமுறைக்கு வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகள் அதில் மௌத்தானார்கள். அந்த வெள்ளத்தில் நீச்சல் தெரிந்த பெரியவரும் தடுமாறியிருப்பார். பாதையை மூடுவதும் பிள்ளைகளை ஏற்றாதிருப்பதும்தான் முதல் காப்பு. ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயலும் ஆறும் என்று நீருக்கு நடுவில் வாழும் ஊர்களில் பிள்ளைகள் நீரை அறியாமல் வளர்வது இரண்டாவது ஆபத்து. இருபது வருடமாக நாங்கள் பயத்தையே பாதுகாப்பென்று கொடுத்து வந்தோம்.

உலக சுகாதார நிறுவனம் இந்த மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி 2021 இல் மட்டும் உலகில் சுமார் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஆறு வயது முதலே பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை. அதைச் செய்து காட்டியது பங்களாதேஷ். அங்கே ஊர்க் குளத்தில் மூங்கிலால் மேடையும் வேலியும் கட்டி, ஆழத்தை அளந்து, பழக்கிய உள்ளூர் ஆட்களை வைத்து இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாஸ் தீவின் அலைத் தடாகத்துக்குக் கொட்டிய பணத்தை நினைத்தால் அந்த மூங்கிலுக்கு எவ்வளவு ஆகிவிடும்? இரண்டிலும் இருப்பது ஒரே அறிவு: நீரை அளந்து, வேலியிட்டு, கண் வைத்து, பிறகு பிள்ளையை இறக்குவது.

டிசம்பர் 28, சனி. சாய்ந்தமருது

வீடு வந்தாயிற்று. தம்பி முஸஃபாவுக்குத் திரும்பிவிட்டான். பிள்ளைகள் அயல்வீட்டாருக்கு 240 கிலோமீற்றர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். “எங்களுக்கும் இப்பிடி ஒண்டு வேணும்” என்றார் கேட்டவர்.

வேண்டும்தான். கல்முனைப் பிள்ளை ராட்டினம் ஏற டுபாய்க்கோ, ஹங்வெல்லயிலுள்ள லெஷர் வேர்ல்டுக்கோ போகவேண்டியிருப்பது நியாயமில்லை. ஆனால் எது முதலில் என்று ஒரு வரிசை இருக்கிறது. கரையில் நிழல் மரங்கள், குடிதண்ணீர், மலசலகூடம், தொழ ஓர் இடம். பின்னேரங்களில் சம்பளம் பெறும் இரண்டு உயிர்காப்பாளர்கள். பாதுகாப்பான களப்போரத்தில் மூங்கில் வேலிக்குள் ஒரு நீச்சல் வகுப்பு. பெண்பிள்ளைகளுக்கு வேறு நேரம், பெண் ஆசிரியை. மாநகர சபையும் பள்ளி நிர்வாகங்களும் பாடசாலைகளும் சேர்ந்தால் இதற்கு வெளிநாட்டுக் கொடையாளி தேவையில்லை. உம்மத்தின் பிள்ளைகளைக் காப்பது பர்ளு கிபாயா போன்றது. யாராவது செய்யும் வரை எல்லோர் மீதும் பொறுப்பு.

ஜனவரியில் பாடசாலை திறந்ததும் பெற்றார் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்பேன். நீச்சல் வகுப்பு தொடங்கும் நாளில் முதல் பெயராக என் மகளின் பெயரைப் பதியச் சொல்வேன், இரண்டாவதாக என் பெயரை.