எம் வாயிற்படியின் எட்டுத் துவாரங்கள்

கொல்லன் கைப் பெருஞ்சுத்திக்குக் ‘கூடம்’ என்பது பழம்பெயர். புறநானூற்றின் 170ஆம் பாட்டைப் பயின்றவர் அதனை மறவார். விசையோடு விழும் கூடத்தை ஏற்றுக் குலையாது நிற்கும் உலைக்கல்லைப் பிட்டங்கொற்றனுக்கு உவமையாக்கினார் புலவர். அவ்வுவமையை வகுப்பில் விரித்துரைத்து ஆசிரியரிடம் நற்பெயர் பெற்ற யாம், சென்ற விடுமுறையில் ஒரு கருங்கற்படியின் முன் சுத்தியின் இயல்பறியாப் பேதையராய் நின்ற கதையை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

எம்மூர் போச்சம்பள்ளி. ஞாயிறுதோறும் கூடும் சந்தையால் பெயர்பெற்றது. ஆராதனை முடிந்து வருவோர் வேதப்புத்தகத்தோடு காய்கறிப் பையும் சுமந்து வீடு சேர்வர். இக்காலத்தே சிப்காட் தொழிற்பேட்டையும், 2021ஆம் ஆண்டில் எழுந்த மின்சார ஸ்கூட்டர்த் தொழிற்சாலையும் ஊரின் முகத்தை மாற்றிவிட்டன. எனினும் இக்கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பழஞ்செல்வம் கல்லே. கல்லை வெல்வது இரும்பே. பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த சான்றுகள் இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை பின்கொண்டு செல்கின்றன என்று 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. எல்லைப்புறமாதலின் எம் தெருவிலே மும்மொழியும் வழங்கும். தெலுங்கர் ‘சுத்தி’ என்பர். கன்னடர் ‘சுத்திகெ’ என்பர். யாம் சுத்தி என்றும் சுத்தியல் என்றும் சொல்வோம். மொழி வேறாயினும் சுத்திக்கு வழக்கில்லை.

நிற்க. ஐப்பசி மழையில் எம் பாட்டியார் வாயிற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். அறுவை முடிந்து வீடு திரும்புமுன் படியருகே கைப்பிடிக் கம்பி அமைத்தல் வேண்டும் என்றார் மருத்துவர். இரண்டு இரும்புக் கால்கள். காலுக்கு நான்கு போல்ட்டு. ஆக எட்டுத் துவாரங்கள். தந்தையார் மருத்துவமனையில் பாட்டியாருடன் இருந்தமையால் அப்பொறுப்பு எம்மேல் வந்தது. இருந்த நாட்களோ மூன்று.

கடைக்காரர், “துளை போடுவது எதிலே?” என்று ஒரே கேள்வி கேட்டார். “வீட்டிலே” என்றோம்! அவர் காட்டிய இரண்டு யந்திரங்களுள் விலை குறைந்ததும் ‘ஹேமர் டிரில்’ என்று பெட்டிமேல் பெரிதாய் எழுதியிருந்ததுமான ஒன்றை வாங்கி வந்தோம். பெயரிலேயே சுத்தி இருக்க, வேறென்ன வேண்டும் என்பது எம் இலக்கணம்.

முதல் துவாரத்திற்கு உடலின் பாரமெல்லாம் கொடுத்து அழுத்தினோம். யந்திரம் அலறிற்று, துரப்பண முனை நீலம் பாய்ந்து மழுங்கிற்று, படியிலோ அரிசிமணி கொள்ளுமளவே பள்ளம். வேறு முனை மாற்றியும் அதே கதி. ஓசை கேட்டு வந்த சித்தப்பா, “போதும் தம்பி, நிறுத்து. கல்லைச் சூடு பண்ணுகிறாய், உடைக்கவில்லை” என்றார். அவர் இருபதாண்டு கற்குழியில் உழைத்தவர்.

வீட்டினுட் சென்று தம் பழம்பையைக் கொணர்ந்தார். அதனுள் ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் உருண்டையுமான கொல்லுச் சுத்தி. ஆணி பிடுங்கும் கவைச்சுத்தி. உளியின் மரப்பிடி பிளவாதிருக்கத் தச்சர் கொள்ளும் கொட்டாப்புளி. எட்டு இராத்தல் சம்மட்டி. நாலு இராத்தலில் குறும்பிடிச் சுத்தி ஒன்று. தளக்கல் பதிப்போர் தட்டும் ரப்பர்ச் சுத்தியும் இருந்தது. ஒவ்வொன்றின் பிடியையும் ஆட்டிப் பார்த்தார். ஆப்புத் தளர்ந்த சுத்தியைத் தொடலாகாதாம், தலை கழன்று எதிரே நிற்பவனைத் தேடிப் போகுமாம். சுத்தியைச் சுத்தியால் அடித்தலும் ஆகாது. பதமேற்றிய முகம் சில்லாய்த் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

குறும்பிடிச் சுத்தியைத் தேர்ந்து, உளியைப் படியில் நிறுத்தி ஓர் அடி, உளியைச் சிறிது திருப்பி மற்றோர் அடி, மீண்டும் திருப்பம். அழுத்தம் என்பதே இல்லை. அடி கல்லை நொறுக்க, திருப்பம் புதுவிடம் காட்ட, தூள் மேலே வந்தது. அரைமணிக்குமேல் கழிந்து ஒரு துவாரம் முடிந்தது. அதற்குள் இருமல் அவரைப் பற்றிக்கொண்டது. கற்குழித் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து வடுவாகும், அவ்வடு ஆறுவதில்லை. திண்ணையில் சாய்ந்து மூச்சு வாங்கியவரிடம் இன்னும் ஏழு துவாரங்கள் கேட்க எமக்கு வாய் எழவில்லை. பாட்டியாரின் இடுப்பைக் காக்கச் சித்தப்பாவின் மார்பைச் செலவிடுவதா?

அன்றிரவு அவரே யந்திரங்களின் வேறுபாட்டை எமக்கு விளக்கினார். யாம் வாங்கியதில் பல் வெட்டிய இரண்டு வட்டுக்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளும். விளிம்பு வெட்டிய நாணயங்கள் இரண்டை உராய்ந்தாற்போல. நிமிஷத்துக்கு 40,000 அடிக்குமேல் விழினும் ஒவ்வோர் அடியும் நகத்தாற் சுண்டுவதே. நாம் அழுத்தினாலன்றி அதுவும் இல்லை. செங்கற் சுவருக்கு அது போதும். குவார்ட்ஸ் நிறைந்த கருங்கல் அதற்கு மசியுமா? கேட்க வேண்டியது ‘ரோட்டரி ஹேமர்’. அதனுள் உந்துதண்டு காற்றை அமுக்க, அக்காற்று ஓர் இரும்புக்கட்டியை எறிந்து முனையின் பின்தலையில் அறைகின்றது. அடிகள் நிமிஷத்துக்கு 4,000 முதல் 5,000 வரையே. ஆயினும் ஒவ்வொன்றும் அடி. முனையின் காம்பில் காடி வெட்டியிருக்கும். அது பிடிக்குள் முன்பின் நகர்ந்து அடியை வாங்கும். ஆகவே வாங்குவோர் வாட் எண்ணில் மயங்காது, ஓரடியின் வலிமையாகிய ஜூல் எத்துணை என்று கேட்டல் வேண்டும். சிறு யந்திரத்துக்கு இரண்டு மூன்று ஜூல் இருந்தால் வீட்டு வேலைக்கு மிகுதி. மரத்துக்கும் இரும்புக்கும் அடியை நிறுத்திச் சுழற்சி மட்டும் கொள்ளும் வசதி உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இவ்வகைச் சுத்தியை 1932ஆம் ஆண்டிலே விற்பனைக்குக் கொணர்ந்தது என்று பின்னர் அறிந்தோம். சித்தப்பாவின் கை செய்ததை, அடியும் திருப்பமுமாக, ஒரு பெட்டிக்குள் அடைத்தனர், அவ்வளவே.

மறுநாட் காலை அத்தகைய யந்திரம் ஒன்றை மின்பணியாளர் ஒருவரிடம் வாடகைக்குப் பெற்றோம். சித்தப்பாவைக் காற்றுக்கு மேற்புறம், பத்தடி தள்ளி நாற்காலியிலே அமர்த்தினோம். மூக்கிற்கு நல்ல முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. துவாரத்துத் தூளை வாயால் ஊதப் புகுந்த எம்மை அவர் அதட்டி, சைக்கிள் பம்பைக் காட்டினார். ஏழு துவாரங்களும் காலைப் பலகாரத்திற்கு முன்னே முடிந்தன.

எருசலேம் தேவாலயம் எழும்புகையில் சுத்தியின் ஓசை அங்கே கேட்கவில்லை. கற்கள் வெட்டும் இடத்திலேயே செம்மையாக்கப்பட்டன என்று இராஜாக்களின் முதற்புத்தகம் கூறும். சிறுவயது முதல் அதனை அமைதியின் அழகாகவே எண்ணி வந்தோம். அவ்வமைதிக்காகத் தொலைவில் எவர் தூசி விழுங்கினார் என்னும் கேள்வி இப்போதுதான் எமக்குத் தோன்றுகின்றது.

வாங்கிய யந்திரம் வீணாகவில்லை. எம் அறையின் செங்கற்சுவரில் புத்தகப் பலகைக்கு நான்கு துளைகளை இமைப்பொழுதில் இட்டது.

பாட்டியார் மூன்றாம் நாள் மாலை வந்தார். கைப்பிடியை இருகையாலும் குலுக்கிப் பார்த்தார், அசையவில்லை. பின்பு குனிந்து அடிப்பட்டையை நோக்கி, “இந்த ஒரு ஆணி மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே, யார் வேலை?” என்றார். சித்தப்பா திண்ணையிலிருந்து கையுயர்த்தினார்.