வீடு மணத்தது, சொதி மணக்கவில்லை

2002 இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு ஐப்பசியில் எமது சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து யேர்மனிக்கு எம்மைக் காண வந்தார். அவரது பெட்டியில், பத்திரிகைத்தாளிற் சுற்றிய ஒரு கட்டுக் கறிவேப்பிலை இருந்தது. கடையில் வாங்கியதன்று; நாம் விட்டுவந்த வீட்டின் கிணற்றடி மரத்தில் முறித்தது. ஆச்சி அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

பச்சையாக வைத்தால் சில நாட்களில் பழுதாகிவிடும், உலர்த்தினால் மாரி முழுவதும் பயன்படும் என எண்ணினோம். ஊரில் என்றால் சுளகிற் பரப்பி நிழலில் வைத்திருப்போம். இங்கே ஒரு தட்டிற் பரப்பி ஹீற்றரின் மேல் வைத்தோம். அன்றிரவு வீடெங்கும் கிணற்றடி வாசம். பிள்ளைகள் உட்பட யாவரும் மகிழ்ந்தோம். அந்த வாசம் இலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது என்பது எமக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரங்களின் பின் சொதிக்குத் தாளித்தோம். இலை எண்ணெயில் விழுந்ததும் கருகியது, மணம் எழவில்லை. "வைக்கோலையே போட்டனீங்கள்?" என்று ஆச்சி கேட்டார்.

அதன் பின்னரே காரணத்தைத் தேடிப் படித்தோம். கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை போன்ற புள்ளிகள் தெரியும். தோடை, எலுமிச்சை இலைகளிலும் அவை உண்டு. யாவும் ஒரே தாவரக் குடும்பம். அப்புள்ளிகள்தாம் மணவெண்ணெய் தங்கும் பைகள். இலை உலர்ந்து சுருங்குகையில் பைகளின் சுவர் தளர, வெளியேறும் நீராவியுடன் எண்ணெயும் சேர்ந்து போகிறது.

அந்த எண்ணெய் தனியொரு பொருளன்று, பல பொருட்களின் கலவை. அதிலுள்ள பைனீன் ஏறத்தாழ 155 பாகை செல்சியசிற் கொதிப்பது. கரியோபிலீன் 250 பாகைக்கும் மேலே. ஹீற்றரின் சூடு அவ்வளவு இல்லையே என்று கேட்கலாம். ஈரச் சேலை கொதித்தா கொடியில் உலர்கிறது? இலேசானவை முதலிற் பறக்கின்றன, கனமானவை பின்தங்குகின்றன. ஆகவே மணம் குறைவதோடு அதன் குணமும் மாறிவிடுகிறது. சூடு கூடக் கூட இழப்பும் கூடும். 40 பாகைக்கு மேற்படாமல், காற்றோட்டமுள்ள நிழலில், இலையை நொறுக்காமல் உலர்த்துவதே உத்தமம். வெயில் பச்சை நிறத்தையும் வெளிறச் செய்யும்.

எல்லா இலைகளுக்கும் இக்கதி இல்லை. எமது அயலவரான யேர்மன் மூதாட்டி தைமையும் றோஸ்மரியையும் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார், மாதக்கணக்கில் மணக்கும். கொத்தமல்லி இலையோ உலர்ந்தால் வெறும் பச்சைத் தூள்தான். கறிவேப்பிலையை உலர்த்தியவர்கள் அதனைப் பொடிக்கு வைத்துக்கொள்ளலாம். தாளிதத்துக்கு அது உதவாது.

நல்லகாலம், சின்னம்மா எம்மைக் கேளாமலே நாலைந்து நெட்டுகளைப் பையிற் கட்டி உறைபெட்டியில் வைத்திருந்தார். வெளியே எடுத்து இளகவிட்டால் அவை கறுத்துத் துவண்டன. ஆனால் உறைந்தபடியே கொதியெண்ணெயில் இட்டபோது படபடவென்று வெடித்து மணம் எழுந்தது. ஆச்சி அறையிலிருந்து எழுந்து வந்து அடுப்படியில் நின்றார்.

கடைசி நெட்டைத் தைப்பொங்கலன்று பருப்பில் இட்டோம்.