தேயிலை நிறத் தண்ணீரில் ஒரு மலை

ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் வீட்டில் ஏரிப் படகில் எடுத்த படம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதே ஊட்டியிலிருந்து இத்தலார், எமரால்டு வழியாகக் குந்தா பக்கம் திரும்பினால், படகும் குதிரையும் பஜ்ஜிக் கடையும் இல்லாத தண்ணீரைப் பார்க்கலாம். அணைகளைச் சொல்லவில்லை. இரண்டு மலைகளுக்கு இடையில், புல்லுக்கு நடுவே, பாய் விரித்த அளவுக்குத் தேங்கிக் கிடக்கும் சதுப்புத் தண்ணீரைச் சொல்கிறேன். கார்த்திகை மாதக் காலை வெயிலில் அதில் மலை தெரிவதைப் பார்க்கவே ஒருமுறை போய்வரலாம்.

குந்தா, நீலகிரி மாவட்டத்தின் ஒரு தாலுகா. தலைமையிடம் மஞ்சூர். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர்பவானி என்று நாம் ஏரிகளாக ரசிப்பவை எல்லாமே மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு உருவானது குந்தா நீர்மின் திட்டம். அணையிலும் பிம்பம் விழும்தான். ஆனால், நீர்மட்டம் இறங்கும்போது கரையைச் சுற்றிச் செம்மண் பட்டை ஒன்று தெரியும். அது மலைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் வந்து படத்தை இரண்டாக வெட்டிவிடும். சதுப்பில் அந்தத் தொல்லை இல்லை. தண்ணீரின் விளிம்பு வரை புல் இருக்கும்.

வெளிநாட்டுப் படங்களில் வரும் சிவந்த இலையுதிர் காலத்தை இங்கே தேடாதீர்கள். சோலை மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சைதான். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தபோது ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்து, அடுத்த மழைக்கு முன் இரண்டு நாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்குமே, அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது. நவம்பர் கடைசியில் சூரியன் நண்பகலில்கூட உச்சிக்கு வராமல் தெற்கே சாய்ந்தே போகும். புல்லின் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நிழல் கிடைக்கும்.

சதுப்பு நீரின் நிறம்தான் இதில் விசேஷம். மக்கிய புல்லும் வேரும் ஊறி, பால் விடாத டீ போலப் பழுப்பாக இருக்கும். அடியில் கறுப்புச் சேறு. தெளிந்த நீரில் அடியிலிருக்கும் கூழாங்கல்லும் சேர்ந்து தெரிவதால் பிம்பம் மங்கிவிடும். இங்கே அடித்தளம் இருட்டு என்பதால், மேலே விழும் வெளிச்சம் மட்டுமே நம் கண்ணுக்கு வருகிறது. கண்ணாடிக்குப் பின்னால் ரசம் பூசுவதை இந்தச் சேறு சும்மாவே செய்துவிடுகிறது.

இதற்குப் பெரிய கேமரா தேவையில்லை, கையில் இருக்கும் போனே போதும். காலையில் தண்ணீர் நிழலிலும் எதிர் மலை வெயிலிலும் இருக்கும் இடமாகப் பாருங்கள். அதாவது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள மலையைத் தாண்டாத நேரம். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீருக்குப் பக்கத்தில் வரும், பிம்பம் பெரிதாகத் தெரியும். திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பிம்பம் எப்போதும் அசலைவிட ஒரு சாயல் இருட்டாகத்தான் இருக்கும், அதை எடிட்டிங்கில் வெளுக்க வேண்டாம் என்பது என் கட்சி. போலரைசர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிடலாம், பிம்பத்தை அழிப்பதில் அது கெட்டிக்காரன்.

காற்று எழுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தங்குவதால், நீர்ப்பனியும் பின்னால் உறைபனியும் முதலில் விழுவது சதுப்பில்தான். வெயில் ஏறிப் பள்ளம் சூடாகும் வரை தண்ணீர் அசையாது.

காலடியில் இருக்கும் அந்தக் கறுப்புச் சேற்றுக்கும் கதை உண்டு. குளிரிலும் நீரிலும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த தாவரக் கழிவு அது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணில் உள்ள கார்பனை ஆராய்ந்து, 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளில் இந்த மலையில் எப்போது புல் ஓங்கியது, எப்போது காடு ஓங்கியது என்பது அந்த மண்ணில் பதிவாகியிருக்கிறது. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லும் சதுப்பில்தான் வளர்கிறது.

மழையைப் பிடித்து வைப்பதும் இந்த மண்தான். 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. சென்னை ஒரு வருடத்தில் பெறும் மழையில் பாதிக்கும் மேல், ஒரே நாளில்! அவ்வளவையும் எந்தச் சதுப்பாலும் குடித்துவிட முடியாது. ஆனால், சாதாரண மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடை வரை சொட்டுச் சொட்டாக ஓடைக்குக் கொடுக்கும். அந்த ஓடைகள் குந்தா ஆறாகிப் பவானியில் சேர்கின்றன. சதுப்பு போன சரிவுகளில் மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு இறங்குகிறது. குந்தா அணையில் சேறு நிறைந்து கிடக்கிறது என்ற செய்தியை அடிக்கடி படித்திருப்பீர்கள்.

போனவை நிறைய. சில தேயிலையாயின, சிலவற்றைச் சீகை மரமும் கற்பூர மரமும் உறிஞ்சிவிட்டன. பல இடங்கள் மலைக்காய்கறித் தோட்டங்கள். கோத்தகிரி பக்கத்து லாங்வுட் சோலைக்கு 2024-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. குந்தாவின் பாயளவு சதுப்புகளை அந்த மாதிரிப் பட்டியல்களில் தேட முடியாது.

போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். சாலையோரத்திலிருந்தே படம் எடுங்கள். புல் மெத்தையாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். காட்டெருமை தண்ணீருக்கு வரும் நேரமும் நாம் போகும் நேரமும் ஒன்றுதான். வனப்பகுதிக்குள் நுழைய அனுமதி வேண்டும். அவலாஞ்சியில் வனத்துறை வாகனத்தில்தான் உள்ளே போக முடியும். சொந்த வண்டியில் மலையேறுபவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம்.

எமரால்டு தாண்டி ஓரிடத்தில் கேரட் பாத்திகளுக்கு நடுவே ஒரு பெரியவர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். "ஐயா, இங்கே சதுப்பு எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க நிக்கறதே சதுப்புதான் சார். எங்க அப்பா காலத்துல எருமைகூட இறங்காது. வாய்க்கால் வெட்டி வடிய விட்டாச்சு. கேரட் போடாட்டி பிள்ளைங்க ஃபீஸ் எப்படிக் கட்றது?"

அவர் கேட்டதில் தப்பு சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பாத்தியின் ஓரத்தில் அந்த வடிகால் ஓடியது, ஒரு அடி அகலம். முதல் நாள் மழைத் தண்ணீர் இன்னும் பழுப்பாக நின்றது. குனிந்து பார்த்தேன். எதிர் மலையில் ஒரு கீற்று, அதற்கு மேல் கொஞ்சம் வானம். போனைத் தலைகீழாக்கி ஒரு படம் எடுத்தேன். பெரியவர் எட்டிப் பார்த்து, "நம்ம மலையா இது?" என்றார்.